அஜந்தா போன டிசம்பர்

பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அன்று ஏதோ உற்சவம். அபிஷேகம் முடிந்து, கீழே கேண்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நவம்பர் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. மதியம் முடிந்ததும் ராத்திரிதான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்று எப்போதும் அவசரப்படுத்துகிற என் கணவர், அன்றைக்குப் பார்த்து ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பேச்சில் மாட்டிக்கொண்டார்.

பிஸ்கட்டவேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு 287-ஆம் ஹைவே வழியாகப் போனால் அதிக தூரமில்லை. பின் சீட்டில் எங்கள் பெண் தூங்கிவிட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஹைவேயில் ஏறியதிலிருந்தே கார் மெதுவாகத்தான் போனது. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். திடீரென்று அவர் வண்டியை வலது பக்கம் ஒதுக்கி, சாலையோரத்தில் நிறுத்திவிட்டார்.

"என்னங்க ஆச்சு? டயரா?"

"நீ ஓட்டறியா?"

"நானா? ஹைவேலயா?"

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கும், அங்கிருந்து மளிகைக் கடைக்கும் உள்ளூர்த் தெருக்களில் ஓட்டுவதோடு சரி.

"எனக்குத் தெரியல," என்றார்.

"என்ன தெரியல?"

"ரோடு தெரியல. முன்னாடி போற வண்டியோட ரெண்டு செவப்பு லைட்டு மட்டும்தான் தெரியும். ரொம்ப நாளா அதப் புடிச்சிட்டே ஓட்டிட்டிருக்கேன். இப்ப அந்த வண்டி எக்ஸிட் எடுத்துட்டுப் போயிடுச்சு."

நான் இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் லாரிகள் போகும்போது கார் முழுக்க ஆடியது. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு இன்னும் சரியாக நினைவில்லை. காரேஜில் வண்டியை நிறுத்திவிட்டு, பெண்ணை எழுப்பி உள்ளே அழைத்துப் போனேன். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே ஆபீசை விட்டுக் கிளம்பிவிடுவதும், இரவுச் சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிட்டால் தலைவலி என்று தட்டிக்கழிப்பதும் எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிராஃபிக்குக்குப் பயப்படுகிற மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண் டாக்டர் வயதான அமெரிக்கப் பெண்மணி. எதையும் சுற்றி வளைக்கவில்லை. விழித்திரை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு வருகிற வியாதி. முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரங்களிலிருந்து உள்ளே உள்ளே சுருங்கி, கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் மிஞ்சும். அதுவும் எத்தனை வருஷம் மிஞ்சும் என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பகலில் ஓட்டுவதையும் நிறுத்திவிடுவது நல்லது என்றார்.

கிளம்பும்போது, "குழந்தைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

ஒரே பெண் என்றோம். இது பரம்பரையாக வரக்கூடியது, வரலாம், வராமலும் போகலாம் என்றார். பரிசோதனை இருக்கிறது. ஆனால் சிகிச்சை இல்லாத வியாதி என்பதால் அவசரமில்லை. நீங்கள் தயாரானபோது அழைத்து வாருங்கள். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

என் கணவர் ஒரு மருந்து கம்பெனியில் கெமிஸ்ட். மாத்திரைகளுக்கு மேல் பூசுகிற வண்ணப் பூச்சுதான் அவருடைய வேலை. ஒரு மஞ்சளுக்கும் இன்னொரு மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். புடவைக் கடையில் என்னைவிட அவருக்குத்தான் பொறுமை அதிகம். அந்த வியாதியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை என்னை லைப்ரரிக்கு அழைத்துப்போகச் சொன்னார். பெண்ணை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது அவர் கையில் வியாதிப் புத்தகம் எதுவும் இல்லை. மடியில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிய புத்தகம் ஒன்று, அஜந்தா ஓவியங்கள். அடுத்த மூன்று வாரமும் சாப்பாட்டு மேஜையில் அதுதான் கிடந்தது. டேபிள் லேம்ப்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், ஒரு பக்கத்தையே ரொம்ப நேரம் பார்ப்பார்.

"இதுக்கு எல்லாம் மண்ணுதாம்மா," என்பார். "செவப்பு மண்ணு, மஞ்ச மண்ணு, வெளக்குக் கரி. நீலம் மட்டும்தான் எங்கேருந்தோ வந்த கல்லு. நான் லேப்ல போடறதும் அதே அயர்ன் ஆக்ஸைடுதான். என்னுது ரெண்டு வருஷம் அலமாரில மங்காம இருந்தா போதும், இது ஆயிரத்தைந்நூறு வருஷமா நிக்குது."

ஒருநாள், "இந்த டிசம்பர்ல ஊருக்குப் போறப்போ இங்க போலாம்," என்றார்.

எனக்கு அதில் விருப்பமே இல்லை. கோட்டயத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருப்பதாக எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்த ஒரு ஆண்ட்டி சொல்லியிருந்தார்கள். இருக்கிற லீவு முழுவதையும் அங்கேயே தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்காகச் சண்டையே போட்டோம்.

"குகைக்குள்ள போய் என்னத்தங்க பாக்கப்போறீங்க? வெளிச்சத்துலயே தடுமாறறீங்க," என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அடுத்த வருஷம் இன்னும் கொறச்சலாத்தான் தெரியும்," என்றார். இரண்டுக்கும் போவது என்று முடிவாயிற்று.

பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, டிசம்பர் பிறந்ததும் கிளம்பினோம். முதலில் கேரளா. தினமும் காலையில் அவரைப் படுக்க வைத்து, கண்ணைச் சுற்றி உளுந்து மாவினால் கிணற்றுச் சுவர் மாதிரி வரம்பு கட்டி, அதற்குள் இளஞ்சூடாக நெய்யை ஊற்றுவார்கள். அந்த நெய்க்குள்ளே கண்ணைத் திறந்து திறந்து மூட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சுலோகம் எல்லாம் சொல்லுவேன். வைத்தியர் நல்ல மனிதர். குணமாகும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நானாகத்தான் நம்பினேன். பொழுது சாயும் நேரத்தில் என் கணவர் வாசலில் உட்கார்ந்து எதிரே இருக்கிற தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று நான் கேட்க மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அங்கிருந்து சென்னையில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்தோம். அண்ணன் விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அம்மாவுக்கும் இதான்டா இருந்திருக்கும்," என்றார்.

என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே நாற்பது வயதில் காலமானவர். நான் பார்த்ததில்லை.

"வெளக்கு வச்சப்புறம் அவங்க வெளிய வந்து நீ பாத்திருக்கியா? கொல்லப்பக்கம் போறதுக்குக்கூட என்னக் கூப்புடுவாங்க. ரொம்பப் பயந்த சுபாவம்னு அப்பா கேலி பண்ணுவாரு. அவங்களும் சிரிச்சுக்குவாங்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பெண் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். என் பார்வை தானாக அந்தப் பக்கம் போயிற்று. அண்ணியின் பார்வையும் போயிற்று.

பம்பாய் வழியாக ஔரங்காபாத் போய் ஒரு ஓட்டலில் தங்கினோம். மறுநாள் காலையில் வாடகைக் காரில் அஜந்தாவுக்குக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் பருத்திக் காடு. வெடித்த பஞ்சு சாலையோரச் செடிகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் உற்சாகமாகப் பேசினார். எந்தக் குகையில் எது இருக்கிறது என்று எல்லாம் மனப்பாடம். புத்த பிட்சுக்கள் மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போக முடியாது, அப்போது தங்குவதற்காகத்தான் மலையைக் குடைந்து இதையெல்லாம் செய்தார்கள் என்று பெண்ணுக்குச் சொன்னார்.

"லைக் எ மோட்டல்?" என்று அவள் கேட்டாள். தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"ஆமாம்டா, மோட்டல்தான்," என்று சிரித்தார்.

அடிவாரத்தில் கல் விற்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். உடைத்தால் உள்ளே பளபளக்கிற கல். என் கணவர் படிக்கட்டில் காலால் துழாவித் துழாவி ஏறுவதைப் பார்த்துவிட்டு டோலிக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முடியவே முடியாது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போனதும் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. லாடம் மாதிரி வளைந்த மலை, அதன் வயிற்றில் வரிசையாக இருட்டு வாசல்கள், கீழே தண்ணீர் வற்றிப்போன ஆறு. நல்ல வெயில். அந்த வெயிலில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒவ்வொன்றாக, தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் குகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெளியே இருந்த வெளிச்சத்துக்கு உள்ளே எனக்கே ஒன்றும் தெரியவில்லை. கல்தரை ஜில்லென்று இருந்தது. வௌவால் நாற்றம். முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தோம். என் தோளில் இருந்த அவர் கை கூட்டத்தில் நழுவிவிட்டது. பிடிமானம் தேடி அவர் கையை நீட்டியிருக்கிறார்.

"ஹாத் மத் லகாவ்!" என்று ஒரு குரல் அதட்டியது. கை வைக்காதே என்கிறான் என்பது எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலேயே புரிந்தது. காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைத் தட்டிவிட்டார். படித்தவர் மாதிரி இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று இன்னும் ஏதேதோ சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்குக் கண் தெரியாது," என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அதை வாய் விட்டு, ஒரு மூன்றாம் மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கை என் கைக்குள் இறுகிற்று. காவலாளி தள்ளிப் போனார்.

உள்ளே, கருவறை வாசலுக்கு இடது பக்கம் அந்தப் பெரிய ஓவியம். கிரீடம் வைத்துக்கொண்டு, கையில் நீலத் தாமரையைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து நிற்கிற போதிசத்துவர். விளக்கு வெளிச்சத்துக்கென்று தனிச் சீட்டு வாங்கியவர்களுக்காக ஒரு ஆள் நீளமான ஒயரோடு மின்விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார். வெளிச்சம் சுவரில் ஒரு தட்டு அளவுக்கு விழுந்து, மெதுவாக நகர்ந்தது.

"எங்க இருக்கு?" என்றார் அவர்.

"உங்களுக்கு நேரா. கொஞ்சம் மேல."

"இல்ல. கறுப்பாத்தான் இருக்கு."

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்." நான் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சின்னக் குழந்தைக்குத் திருப்புகிற மாதிரி திருப்பினேன். அத்தனை பேருக்கு நடுவில் அதற்கு அவர் ஒத்துக்கொண்டார்.

"இருடீ, இரு. ஏதோ கோடு தெரியுது." மூச்சைப் பிடித்துக்கொண்டார். "புருவம். புருவம் தெரியுது. அப்பா, எவ்ளோ நீளம்! இப்ப கண்ணு. கண்ண மூடிட்டு இருக்காரா?"

"இல்லங்க. கீழ பாக்கறாரு."

"ஆமாம். ஆமாம், கீழ பாக்கறாரு."

அதற்குள் விளக்கு வலது பக்கச் சுவருக்கு நகர்ந்துவிட்டது. கூட்டமும் அதோடு போயிற்று. அவர் அதே இடத்தில், முகத்தை அதே கோணத்தில் வைத்துக்கொண்டு நின்றார். காவலாளி என்ன நினைத்தாரோ, விளக்குக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் திரும்பி வந்து மறுபடியும் அந்த முகத்தின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தார். இந்த முறை கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்தார். என் கணவர் மூக்கைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், காதிலிருந்து தொங்கிய முத்தைப் பார்த்தார். மொத்த உருவத்தையும் ஒன்றாக அவர் பார்க்கவே இல்லை. துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "போதும்மா, இதுக்கே வரலாம்," என்றார். எனக்குக்கூட அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதே சந்தோஷத்தில் பதினேழாம் குகைக்குப் போனோம். அங்கே விளக்குக்காரர் இல்லை, வேறு கூட்டத்தோடு போயிருந்தார். வாசல் வழியாக வருகிற வெளிச்சம் மட்டும்தான். கண் பழகட்டும் என்று தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் தூண்கள், பிறகு சுவரில் கூட்டம் கூட்டமாக மனிதர்கள், அப்புறம் மேலே விதானம் முழுக்கப் பூவும் கொடியும் விலங்குகளும். ஒரு மூலையில் வெளிர் நிறத்தில் ஒரு யானை. நல்ல விளையாட்டு யானை.

"பாப்பா, மேல பாரு. யானை இருக்கு பாரு."

"வேர்?"

"அதோ. வெள்ளையா இருக்கு பாரு."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேறெங்கோ பார்த்தாள்.

"அங்க இல்ல. என் வெரல் நேரா பாரு."

"ஐ கான்ட் சீ யுவர் ஃபிங்கர்."

"கொஞ்ச நேரம் நில்லு. கண்ணு பழகிடும்."

நின்றோம். எங்களுக்குப் பின்னால் மராத்தி பேசுகிற ஒரு குடும்பம் வெயிலிலிருந்து உள்ளே வந்தது. அவர்களோடு வந்த சின்னப் பையன் முதலில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் "ஹத்தி! ஹத்தி!" என்று மேலே கையைக் காட்டிக் கத்தினான். அதே யானையைத்தான்.

"இப்ப தெரியுதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

"இட்ஸ் ஜஸ்ட் டார்க், அம்மா," என்றாள் அவள், கொஞ்சம் எரிச்சலோடு. "வெளிய போலாமா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்னென்னவோ வரிசையாக ஞாபகம் வந்தது. வீட்டில் பேஸ்மென்டுக்கு அவள் தனியாகப் போகவே மாட்டாள். ஹாலோவீன் ராத்திரியில் மிட்டாய் வாங்க மற்றக் குழந்தைகள் எல்லாம் வீடு வீடாக ஓட, இவள் மட்டும் என் கோட்டைப் பிடித்துக்கொண்டே வருவாள். தியேட்டரில் படம் ஆரம்பித்த பிறகு பாத்ரூம் போய்விட்டு வந்தால், யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடுவாள். பயந்தாங்கொள்ளி என்று நானே நிறைய தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சுவரில் ஒரு இடத்தில் புத்தர் பிச்சைப் பாத்திரத்தோடு நிற்கிறார். எதிரே, விட்டுவிட்டுப் போன அவருடைய மனைவியும் பிள்ளையும் சின்னதாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் அந்தக் குகைக்கே வந்தது. அது என் கண் முன்னால் இருந்தது. எனக்கு அதில் மனசு ஒட்டவே இல்லை. பெண்ணின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். அவர் என் மறு தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வெளியே கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். வெயில் பட்டதும் பெண்ணுக்கு உயிர் வந்துவிட்டது. குரங்குகளைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

"எவ்ளோ நேரம் நிக்க வச்ச அவள?" என்றார்.

"எங்க?"

"உள்ள. யானைய காட்டினியே."

நான் குரங்குகள் பக்கம் போன பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்குத் தெரியல, இல்ல?"

"சின்னக் கொழந்தைங்க. இருட்டப் பாத்துப் பயந்திருப்பா."

"எங்கம்மாவையும் பயந்தவங்கன்னுதான் சொன்னாங்க," என்றார்.

அவர் அழவில்லை. முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் எதுக்கு இங்க வரணும்னு சொன்னேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

மற்றக் குகைகளுக்கு அவர் வரவில்லை. பெண்ணும் இனிமேல் உள்ளே வரமாட்டேன் என்றாள். கடைசிப் பக்கத்தில் இருபத்தாறாம் குகையில், படுத்திருக்கிற புத்தர் சிலை இருக்கிறது, லைப்ரரிப் புத்தகத்தில் அதை அவர் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார். "நீயாவது போய்ப் பாத்துட்டு வா," என்று வற்புறுத்தினார். நான் வேண்டாம் என்றேன். "போ. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றார். குரல் கடுமையாக இருந்தது. போனேன்.

அங்கே கூட்டமில்லை. இடது பக்கச் சுவர் நெடுக புத்தர் படுத்திருந்தார். தலைக்குக் கீழே ஒரு கை. தலையணை அமுங்கியிருப்பதுகூடக் கல்லில் தெரிந்தது. செத்துப்போகிற மனிதர் மாதிரியே இல்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். கட்டிலுக்குக் கீழேதான் சீடர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

கண்ட எல்லாவற்றையும் சொன்னேன். தலையணை அமுங்கியிருந்ததைச் சொன்னேன். கீழே எல்லாரும் உட்கார்ந்து அழுகிறார்கள், ஒருவர் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பும் வழியில் காரில் பெண் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். அவள் இமைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரியில் நியூ ஜெர்சி திரும்பியதும் அதே டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்தப் பரிசோதனைக்கு முன்னால் அரைமணி நேரம் போலக் குழந்தையை முழு இருட்டில் உட்கார வைக்க வேண்டும். கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன். என் கையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம் ஐ கோயிங் டு கோ ப்ளைண்ட் லைக் அப்பா?" என்று இருட்டில் கேட்டாள்.

நாங்கள் அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. கண்ணாடி போட வேண்டுமா என்று பார்ப்பதற்காக என்றுதான் சொல்லி அழைத்து வந்திருந்தோம்.

"யாரு சொன்னா?"

"ஐ ஜஸ்ட் நோ."

"தெரியலடா. அதத்தான் பாக்க வந்திருக்கோம்," என்றேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஸ்கூலில் பீட்ஸா கொடுப்பார்கள், அதற்குள் போய்விட முடியுமா என்று மட்டும் கேட்டாள். பிறகு டாக்டர் வந்து, அவள் கண்மேல் கம்பி வைத்த லென்ஸைப் பொருத்தி, பளீர் பளீர் என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அவள் அசையவே இல்லை.

முடிவு நாங்கள் நினைத்ததுதான்.

அன்று மழை. நான்தான் ஓட்டினேன். அதற்குள் எனக்கு 287 பழகிப் போயிருந்தது. அவர் முன் சீட்டில் உட்காராமல் பின்னால் அவளோடு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். வைப்பர் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் இருவரையும் இதுவரை கேட்டதில்லை.

அவர் அதற்கப்புறம் மூன்று வருஷம்தான் வேலைக்குப் போனார். வண்ணம் பிரித்துப் பார்க்க முடியாமல் போனதும் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கேஸட்டில் புத்தகம் கேட்பார், வாசல் வரைக்கும் கோலைத் தட்டிக்கொண்டு போய்த் தபால் எடுத்து வருவார். பெண்ணுக்குப் பதினேழு வயதானபோது அவளோடு படித்தவர்கள் எல்லாம் டிரைவிங் கற்றுக்கொண்டு, ஒவ்வொருத்தராக எங்கள் வாசலில் வந்து ஹார்ன் அடித்தார்கள். அவளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல பிள்ளைகள். இரண்டாயிரத்து ஒன்றில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, ரயிலும் பஸ்ஸும் ஓடுகிற ஊர்களாகப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தாள். எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சீக்கிரமே தெரிந்துகொண்டது நல்லதுதான் என்று அவர் சொல்வார். குழந்தையின் மனது அதற்கேற்ற மாதிரி தயாராகிவிட்டது, தன்னைப் போல நாற்பது வயதில் ஹைவேயில் திடீரென்று அவள் நிற்க வேண்டியதில்லை என்பார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னால் அவரோடு ஒத்துப்போக முடிந்ததில்லை. நாங்கள் அந்த டிசம்பரில் அஜந்தாவுக்குப் போகாமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு நாலைந்து வருஷமாவது எனக்கு அவள் இருட்டுக்குப் பயப்படுகிற பெண்ணாகவே இருந்திருப்பாள். அந்த வருஷங்கள் எனக்கு வேண்டியிருந்தன. அவரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். என் கை இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.